ஏழு மணி ஜெபமும் ஒரு டஜன் வளையலும்

எங்கள் வீட்டில் சாயங்காலம் ஏழு மணிக்குப் பாயை விரித்தால் நாலு பேர் உட்காருவோம், மூன்று பேர் ஜெபம் பண்ணுவோம். பல வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். பாளையங்கோட்டையில் மூன்று தலைமுறையாக மிஷன் பள்ளியில் படித்த குடும்பம். அம்மா டீச்சர், அப்பா தாலுகா ஆபீஸில் கிளார்க். அப்படிப்பட்ட வீட்டில் யாருக்கும் நாலு வரை எண்ணத் தெரியாமல் போயிற்று.

நான் மூத்தவள். தங்கச்சி எனக்கு நாலு வயது இளையவள், பிறந்ததிலிருந்தே காது கேளாதவள். நான் சொல்லப்போவது தொண்ணூறுகளில் நடந்தது. அப்போது அவள் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். காலையில் போய்ச் சாயங்காலம் வீடு திரும்புவாள்.

எங்கள் குடும்ப ஜெபத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் ஒரு ஞானப்பாட்டு, அடுத்து வேதபாடம், அதற்குப் பிறகு வயதில் சின்னவரிலிருந்து பெரியவர் வரை ஒவ்வொருவராகச் சத்தமாக ஜெபிக்க வேண்டும். தங்கச்சியால் சத்தமாக ஜெபிக்க முடியாது என்பதால் முறை நேராக என்னிடம் வந்துவிடும். என் ஜெபம் அரை நிமிடம், பரீட்சை நேரத்தில் ஒரு நிமிடம். வயதுப்படி அப்பாதான் கடைசி. ஆனால் அம்மா ஜெபித்து முடித்தபின் ஆண்டவரிடம் கேட்க எதுவும் மிச்சமிருப்பதில்லை என்று அவரே முறையை மாற்றிக்கொண்டு எனக்கு அடுத்து வந்துவிட்டார். அவர் ஜெபம் ஆபீஸ் கடிதம் மாதிரி இருக்கும். விஷயம், வேண்டுகோள், நன்றி, ஆமென். பிறகு அம்மா தொடங்குவாள். அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தால் அதை இறக்கி வைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

இன்னொரு சட்டமும் உண்டு. வேதபாடம் முடிந்து மூடிய கண்ணை அம்மாவின் ஆமெனுக்குத்தான் திறக்கலாம். சின்ன வயதில் இரண்டு தடவை நான் நடுவில் திறந்து பார்த்து, இரண்டு தடவையும் மண்டையில் குட்டு வாங்கியிருக்கிறேன். கண்ணை மூடியிருந்த அம்மாவுக்கு அது எப்படித் தெரிந்தது என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. தங்கச்சிக்கு மட்டும் விலக்கு. அவளும் கண்ணை மூடிக்கொண்டால் ஜெபம் முடிந்தது அவளுக்கு எப்படித் தெரியும்? அதனால் நாங்கள் மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டிருக்க, அவள் ஒருத்தி எங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அம்மாவின் ஜெபத்தில் மழை வரும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வருவார்கள், ஒன்றுவிட்ட சித்தியின் வயிற்றுவலி வரும். எல்லாம் முடிந்த பிறகு குரல் தாழும். "ஆண்டவரே, இந்தப் பிள்ளையின் செவியைத் திறந்தருளும்." தங்கச்சிக்குக் காது கேட்கவில்லை என்று டாக்டர் சொன்ன அன்று தொடங்கிய வாக்கியம் அது. ஒரு நாள் கூடத் தவறியதில்லை, ஒரு சொல் கூட மாறியதில்லை.

ஜெபத்தில் என் அம்மாவைப் போல் பிடித்த பிடியை விடாதவர்களை நான் பார்த்ததில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்லுகிறேன். வேலை சேரன்மகாதேவியில். காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டே போய், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு நாள் முழுக்கத் தொண்டை கிழியப் பேசிவிட்டு, சாயங்காலம் நின்றுகொண்டே திரும்புவாள். வெள்ளிக்கிழமை முழுநாள் உபவாசம். அன்றும் அதே பஸ், அதே தொண்டை. ஓர் ஐப்பசியில் தாமிரபரணி பெருகிப் பஸ் நின்றுபோனபோது இரண்டு நாள் சேரன்மகாதேவிப் பள்ளிக்கூடத்து வராந்தாவிலேயே தங்கிவிட்டாள். மூன்றாம் நாள் சேறும் சகதியுமாக வீட்டுக்கு வந்தவளிடம் "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்ன பதில், "ரெண்டு நாளும் ஏழு மணி தவறல" என்பது. அந்த வராந்தாவில் கூட ஒண்டியிருந்த சைவக் குடும்பத்து ஆச்சி ஒருத்தி, அதற்குப் பிறகு அம்மாவைப் பஸ்ஸில் பார்க்கும்போதெல்லாம் "டீச்சர், சின்னவளுக்குக் காது தொறந்துச்சா?" என்று கேட்பாளாம்.

இவ்வளவு உறுதியான அம்மா ஒரு காரியத்தில் மட்டும் தப்பு செய்தாள். விசுவாசம் இல்லாதவர்களால் அந்தத் தப்பைச் செய்யவே முடியாது.

தங்கச்சிக்கு ஐந்து வயதிருக்கும்போது ஒரு கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போயிருந்தோம். வெளியூரிலிருந்து வந்திருந்த பிரசங்கியார் அவள் இரண்டு காதிலும் விரலை விட்டு உரக்க ஜெபித்தார். காது திறக்கவில்லை. அவர் வாயில் வெங்காய வாசனை அடித்தது என்று அவள் பின்னாளில் என்னிடம் சொன்னாள். அன்று அவர் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். சுகத்துக்காக ஜெபிக்கிறவர்கள் நோய்க்கு வசதி பண்ணிக் கொடுக்கக் கூடாது என்று. அவர் அதை மறுநாளே மறந்திருப்பார். அம்மா மறக்கவில்லை.

அதிலிருந்து கைப் பேச்சு அம்மாவுக்கு ஆகாத காரியமாகிவிட்டது. தங்கச்சியின் பள்ளியில் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கையால்தான் பேசிக்கொள்வார்கள். அப்பா பத்துப் பதினைந்து சைகை படித்துவைத்திருந்தார். சாப்பாடு, தண்ணீர், வா, போ, நாளைக்கு, இவற்றை வைத்தே குடித்தனம் நடத்தினார். நான் பத்து வயதிலேயே முழுசாகப் படித்துவிட்டேன். அவளோடு சண்டை போட வேண்டுமே, அதற்காகத்தான் படித்தேன். அம்மா மட்டும் கையை மடியை விட்டு எடுக்க மாட்டாள். ஒரு தடவை நான் கேட்டதற்குச் சொன்னாள். "கைப் பேச்சைப் படிச்சேன்னா, ஆண்டவரே நீர் செய்வீர்னு நான் நம்பலைன்னு அவர் மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி ஆயிரும். அவ காதால கேப்பா. நான் வாயால பேசுதேன். அதுவரைக்கும் பொறுத்துக்கிடுவோம்."

பொறுத்துக்கொண்டது யார் என்று பார்த்தால் தங்கச்சிதான். அவளுக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஒரு நோட்டு இருந்தது. வேண்டியதை இருவரும் அதில் எழுதிக்கொள்வார்கள். 'தலைவலி.' 'மாத்திரை அலமாரியில்.' 'பள்ளியில் நாளை லீவு.' 'சரி.' நோட்டில் எழுதிக் குடும்பம் நடத்தலாம். நோட்டில் எழுதிக் கொஞ்ச முடியுமா? வாயாடத்தான் முடியுமா? நானும் அம்மாவும் அடுப்படியில் நின்று ஊர்க்கதை பேசிச் சிரித்துக்கொண்டிருப்போம். அவள் நிலைப்படியில் சாய்ந்து எங்கள் வாயை மாறி மாறிப் பார்ப்பாள். "என்ன?" என்று கையால் கேட்பாள். நான் சுருக்கிச் சொல்வேன். ஒரு கதையைச் சுருக்கிக் கேட்டால் சிரிப்பு வராது. இது எனக்கு அப்போதே தெரியும், ஆனாலும் சுருக்கித்தான் சொன்னேன்.

நாலாம் வகுப்புப் படிக்கும்போது அவள் அந்த நோட்டில் 'அம்மா, என் பேச்சைப் படிங்க' என்று எழுதியிருக்கிறாள். அம்மா அதற்குக் கீழே டீச்சர்களின் சிவப்பு மையில் 'நீ கேட்பாய். விசுவாசி' என்று எழுதியிருக்கிறாள். தங்கச்சி மறுபடி அதை எழுதவில்லை. கீழே கேட்டு நடக்காததை நேராக மேலிடத்துக்கே மனுப் போட்டுவிட்டாள். இந்த விஷயம் எனக்குத் தெரிய வந்தது ஆறு வருடம் கழித்து, என் கோபத்தால்.

அந்த வருடம் அவள் பத்தாம் வகுப்பு, நான் கல்லூரியில் இரண்டாம் வருடம். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் சர்ச் என்பதைக் கோயில் என்போம், போதகரை ஐயர் என்போம். பதினான்கு, பதினைந்து வயதில் கோயிலில் பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல் உண்டு. பேராயர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, விசுவாசப் பிரமாணம் சொல்லி, தன் விசுவாசத்தைத் தானே சபைக்கு முன்னால் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்கான வகுப்புக்குப் பெயர் எழுத ஐயர் வீட்டுக்கு வந்தார். தங்கச்சி எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். அவள் வயதுப் பிள்ளைகள் எல்லாருக்கும் போன வருடமே முடிந்துவிட்டிருந்தது.

"சின்னவ பேரு இப்ப வேண்டாம் ஐயா," என்றாள் அம்மா. "காது தொறந்த பெறவு அவ வாயாலேயே சொல்லட்டும்."

ஐயர் பேனாவை மூடவில்லை. "போன வருசமும் இதைத்தானம்மா சொன்னீங்க," என்றார். "அவ கையால சொல்லட்டும். பக்கத்துல நின்னு யாராவது வாயால சொன்னா எனக்குப் போதும்."

"அடுத்த வருசம் பாப்போம்யா."

போன வருடமே பார்த்த பதில் என்பதால் அந்த உதட்டசைவு தங்கச்சிக்கு மனப்பாடம். ஒரு வார்த்தை விடாமல் படித்துவிட்டாள். பின்வாசலுக்குப் போய்த் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்துகொண்டாள். நான் போனபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவளோடு யாராலும் பேச முடியாது.

அன்று ஏழு மணிக்குப் பாயில் உட்கார்ந்தபோது எனக்கு ஆண்டவர்மேலும் கோபம், அம்மாமேலும் கோபம். என் முறை வந்தபோது "எல்லாருக்கும் நல்ல புத்தி கொடும், ஆமென்" என்று மட்டும் சொன்னேன். அப்பா முடித்தார். அம்மா தொடங்கினாள். மழை, பிள்ளைகள், சித்தி. குரல் தாழ்ந்து "இந்தப் பிள்ளையின் செவியை" என்று வந்ததும், குட்டு விழுந்தால் விழட்டும் என்று நான் கண்ணைத் திறந்தேன்.

தங்கச்சி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் அவள் கைகள் அசைந்தன. சின்ன அசைவு, பக்கத்தில் இருப்பவருக்கும் முழங்கை படாத அளவு. அம்மா, கை, திற. கொஞ்சம் நிறுத்தி மறுபடி அம்மா, கை, திற. மூன்று தடவை. அம்மா ஆமென் சொன்னபோது கைகள் மடங்கி மடியில் படுத்துவிட்டன.

அடுப்படியில் வைத்து அவளைப் பிடித்தேன். முதலில் சும்மா என்றாள். நான் விடவில்லை. அவள் கை சொன்னதை என் தமிழில்தான் என்னால் எழுத முடியும்.

"அம்மாவின் கையைத் திறக்கச் சொல்லிக் கேட்கிறேன்."

"எவ்வளவு நாளாக?"

"நாலாம் வகுப்பிலிருந்து."

"தினமுமா?"

"பிறகென்ன, உன்னை மாதிரிப் பரீட்சைக்குப் பரீட்சையா?"

வெகுநாள் முன்னால் ஒரு தடவை, அம்மா கண்ணை மூடிக்கொண்டு கடைசியில் என்ன கேட்கிறாள் என்று அவள் என்னிடம் கேட்டிருக்கிறாள். உன் காதைத் திறக்கச் சொல்லி என்று நான்தான் சொல்லியிருக்கிறேன். அந்த வாக்கியத்தை எடுத்து, காது இருந்த இடத்தில் கையை வைத்திருக்கிறாள். அம்மாவின் முகம் இறுகும்போது அந்த வாக்கியம் வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும். அதே நேரத்தில் இவளும் தன்னுடையதைக் கேட்பாள். ஆறு வருடமாக ஒரே பாயில், ஒரே நிமிடத்தில், ஒருத்திக்காக ஒருத்தி. கண்ணை மூடு, கண்ணை மூடு என்று வளர்ந்த நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

"நான் இப்பவே அம்மாகிட்ட சொல்லுதேன்" என்று திரும்பினேன். அவள் என் தாவணியைப் பிடித்து இழுத்தாள்.

"சொல்லாதே. நான் உன்னிடம் கேட்கவில்லை, அவரிடம் கேட்டிருக்கிறேன். நீ சொல்லி அம்மா படித்தால் அது நீ செய்தது ஆகிவிடும்."

சத்தியம் வாங்காமல் விடவில்லை. அம்மாவின் பிடிவாதம் வீட்டில் யாருக்குப் போயிருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் நான் மூன்று வாரம் வெந்தேன். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. நான் அப்பாவைக் கொண்டு பிறந்தவள். ஆனால் சத்தியம் சத்தியம்தான்.

அவள் சொல்லாதே என்றுதான் சத்தியம் வாங்கினாள். வளையல் வாங்காதே என்று வாங்கவில்லை.

எங்கள் வீட்டில் கண்ணாடி வளையல் பழக்கம் இல்லை. அம்மாவின் கையில் கடிகாரம் ஒன்றுதான் இருக்கும். தங்கச்சிக்கு வளையல் மேல் கொள்ளை ஆசை. ஒரு சனிக்கிழமை, பிறந்தநாள் வருகிறதே என்று அம்மாவிடம் கெஞ்சிக் கேட்டு அவளை டவுனுக்கு அழைத்துக்கொண்டு போனேன். ரத வீதியில் ஒரு வளையல் கடை. அவள் பச்சையில் ஒன்றைக் காட்டினாள், நீலத்தில் ஒன்றைக் காட்டினாள். நான் நிறத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு சோடியையும் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தேன். எதற்கு என்று கேட்டாள். கீறல் விழுந்த வளையல் சத்தம் கொடுக்காது, அதைத்தான் பார்க்கிறேன் என்றேன். முழுப் பொய் இல்லை, எல்லாரும் செய்வதுதான். பச்சையில் இருந்த ஒரு டஜன் கோயில் மணி மாதிரிக் கலகலவென்றது.

"ஒரு அளவு பெருசு போடணும்மா, இது எறுக்கமா இருக்கும்," என்றார் கடைக்காரர்.

"சின்னதே போடுங்க அண்ணாச்சி."

"கழத்துதது கஷ்டம்."

"கழத்தவே வேண்டாம் அண்ணாச்சி."

சோப்புத் தண்ணீர் தடவி, பைய உருட்டி உருட்டிக் கைக்கு ஆறாக ஏற்றினார். தங்கச்சி, பஸ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்வரை வெயிலில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் கையை அசைக்கும்போதெல்லாம் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அது அவளுக்குத் தெரியாது. அந்தக் குற்ற உணர்வு எனக்கு இன்றும் கொஞ்சம் உண்டு.

அன்று ஏழு மணிக்கு "இந்தப் பிள்ளையின் செவியை" என்று அம்மா சொன்னதும் கலகலவென்று சத்தம் எழுந்தது. அம்மா ஒரு நொடி தடுமாறிவிட்டு முடித்தாள். ஆமெனுக்குப் பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, நாளையிலேருந்து ஜெபத்துக்கு அதைக் கழத்தி வச்சிட்டு வரச் சொல்லு அவளை."

"கழராதும்மா. சோப்புப் போட்டு ஏத்துனது. உடைச்சாத்தான் உண்டு."

பிறந்தநாளுக்குப் போட்ட வளையலை உடைக்க எந்தத் தாய்க்கும் மனசு வராது. வேதத்தில் அதற்கு ஒரு தடையும் இல்லைதான், ஆனாலும் வராது. மறுநாளும் சத்தம் வந்தது. மூன்றாம் நாளும் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். அந்த மூன்று நாளும் நான் செய்த ஜெபம்தான் என் வாழ்நாளில் உருப்படியான ஜெபம்.

நாலாம் நாள் அம்மா வழக்கம்போல் தொடங்கினாள். மழை, பிள்ளைகள், சித்தி. "ஆண்டவரே, இந்தப் பிள்ளையின் செவியை" என்றாள். வளையல் கலகலத்தது. அம்மா அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

நான் கண்ணைத் திறந்தேன். அம்மாவின் கண் திறந்திருந்தது. இருபது வருடம் கரும்பலகையைப் பார்த்து நின்றுகொண்டே பின்பெஞ்சில் யார் தாளம் போடுகிறார்கள் என்று கண்டுபிடித்தவள். அவள் தங்கச்சியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கச்சி பாதியில் கையை மடக்கிக்கொண்டாள், திருட்டில் பிடிபட்டவள் மாதிரி.

"நாலு நாளும் ஒரே இடத்துல வருது," என்றாள் அம்மா மெதுவாக. "நாலு நாளும் ஒரே மாதிரி வருது. வெளையாட்டுன்னா ஒரே மாதிரி வராது. இவ என்ன செய்யுதா?"

"ஜெபம் பண்ணுதா," என்றேன்.

"கையாலயா?"

"வேற எதால பண்ணுவா?"

"என்ன ஜெபம்?"

"அவ ஜெபத்தை எங்கிட்ட கேட்டா? அவகிட்ட கேளுங்க."

அம்மா நோட்டை எட்டி எடுக்கப்போனாள். நோட்டு என் பக்கத்தில்தான் கிடந்தது. நான் நகர்ந்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். வேறொரு நாளாக இருந்தால் குட்டு விழுந்திருக்கும். அம்மா என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், சுவரில் மாட்டியிருந்த, வேதவசனம் அச்சிட்ட புதுவருட வாக்குத்தத்த அட்டையைப் பார்த்தாள். அவள் மனசுக்குள் ஓடியது எனக்குத் தெரியும். கையைத் தூக்கினால் இத்தனை வருட வெள்ளிக்கிழமைகளும் வீண் என்று அவளே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். அப்படித்தான் அவள் நம்பியிருந்தாள்.

"எப்படிக் கேக்கணும்?" என்றாள்.

நான் உள்ளங்கையை மலர்த்தி இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினேன். என்ன? அவ்வளவுதான். நாங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்கிற சைகை.

அம்மா மடியிலிருந்து வலது கையைத் தூக்கினாள். மலர்த்தி ஆட்டினாள்.

தங்கச்சி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். வளையல் எல்லாம் ஒன்றாய்ச் சரிந்தது. அவள் அழும்போது அவளுக்கே தெரியாத ஒரு சத்தம் வரும், அது வந்தது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து, இந்தத் தடவை மடியில் இல்லாமல் நெஞ்சுக்கு நேராகக் கையைத் தூக்கிச் சொன்னாள். அம்மா, கை, திற.

அம்மாவுக்குப் புரியவில்லை. இப்போது நான் வாயைத் திறந்தேன். "உங்க கையைத் தெறக்கச் சொல்லிக் கேக்கா. நாலாங்கிளாசுலேருந்து. தெனமும்."

அம்மா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும். வெகுநேரம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் அவர் வாசலைத் தட்டிக்கிட்டு நிக்கேன்," என்றாள் கடைசியில். "இவ என் வாசலைத் தட்டிக்கிட்டு நின்னிருக்கா. எனக்குல்லா காது கேக்கல."

அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நான் அப்பப்ப ஒரு கண்ணைத் தொறந்து பாத்திருக்கேன்," என்றார். "அவ கை அசையும். நீ எப்ப முடிப்பன்னு விரல் விட்டு எண்ணுதான்னு நெனச்சேன்."

நாங்கள் சிரித்தோம். தங்கச்சி "என்ன?" என்று கேட்டாள். நான் சொல்லக் கையைத் தூக்கினேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டு, நோட்டை என் அடியிலிருந்து உருவித் தூர வைத்துவிட்டு, அப்பாவைக் காட்டி, கண்ணைக் காட்டி, விரலை ஒவ்வொன்றாக மடக்கி, தன்னைக் காட்டி, எப்படியோ அந்தக் கதையைச் சொல்லி முடித்தாள். சுருக்காமல் சொன்னாள். தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள்.

அதன்பிறகு அம்மா படித்ததைப் போல் எந்தப் பிள்ளையும் படித்திருக்காது. நாற்பத்தாறு வயது, விறைத்த விரல்கள். சாப்பிட்டாயா என்று கேட்கப்போய்க் குளித்தாயா என்று கேட்டு மகளிடம் திட்டு வாங்கினாள். சேரன்மகாதேவி பஸ்ஸில் கம்பியைப் பிடித்த கை போக மற்றக் கையால் பழகுவாள். "என்ன டீச்சர், கை வலியா?" என்று கண்டக்டர் கேட்டாராம். "வலி போய்க்கிட்டிருக்கு தம்பி," என்றாளாம். பஸ்ஸில் பார்க்கிற அந்த ஆச்சி வழக்கம்போல் காது திறந்துவிட்டதா என்று கேட்டபோது, "இன்னும் இல்ல, ஆனா நாங்க பேச ஆரம்பிச்சாச்சு," என்றாளாம்.

அடுத்த வருடம் ஐயர் கேட்காமலே பெயர் எழுதிக்கொண்டார். பேராயர் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்க, அம்மா அதைக் கையில் சொல்ல, தங்கச்சி கையில் பதில் சொல்ல, அம்மா அதை வாயால் சபைக்குச் சொன்னாள். விசுவாசப் பிரமாணத்தில் ஓரிடத்தில் அம்மா ஒரு வரியைத் தாவிவிட்டாள். தங்கச்சி அத்தனை பேர் முன்னால் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து மறுபடி சொல்ல வைத்தாள். கோயிலில் சிரிப்பு எழுந்தது. டீச்சர் மாணவியிடம் பிடிபட்டதைப் பார்த்து நான் மார்தட்டிக்கொள்ளாத குறை. "ஜெபிப்போம், கண்களை மூடுவோம்" என்று பேராயர் சொன்னபோது முன்வரிசையில் இரண்டு பேர் மூடவில்லை. அதை நான் பார்த்தேன் என்றால் மூன்று பேர். அப்பாவைச் சேர்த்தால் மூன்றரை.

வளையல் சங்கதியை அதற்குப் பிறகுதான் தங்கச்சியிடம் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தாள். மூன்றாம் நாள் வந்து, "ஆண்டவர் வேதத்தில் ஒரு கழுதையைக்கூடப் பேச வைத்தவர், உன்னை உபயோகப்படுத்தியதில் என்ன ஆச்சரியம்" என்றாள். அதோடு ராசியாகிவிட்டோம்.

இப்போது அவள் காது கேளாத பிள்ளைகளுக்கு டீச்சர். அம்மா ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிவிட்டது. காது திறக்கவில்லை. ஆனால் அம்மா அந்த வாக்கியத்தை விடவில்லை. இன்றும் ஏழு மணிக்குக் கண்ணைத் திறந்துகொண்டு, எதிரே இருக்கும் மகளைப் பார்த்துக் கையாலேயே கேட்கிறாள். ஆண்டவரே, இந்தப் பிள்ளையின் செவியைத் திறந்தருளும். தங்கச்சி அதைப் பார்த்துக்கொண்டிருந்து, கையால் ஆமென் சொல்லுகிறாள்.

போன கிறிஸ்துமஸுக்குப் போயிருந்தபோது எனக்கு வழக்கமான கோபம் வந்தது. நாற்பது வருடமாக உன் முகத்துக்கு நேரே உன்னைச் சரிபண்ணச் சொல்லிக் கேட்கிறாளே, உனக்கு எரிச்சலாக இல்லையா என்று தங்கச்சியிடம் கேட்டேன்.

அவள் என்னை ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"எனக்கு எதற்கு எரிச்சல்? நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது," என்றாள். "அம்மா கேட்டது அம்மாவுக்குக் கிடைக்கும்வரை நான் ஆமென் சொல்ல வேண்டாமா?"